ஓல்டு எஞ்சினா, நியூ எஞ்சினா?

"வண்டி என்னது பாய்?"

"தீரன் பிக்கப்."

"எந்த வருஷம்?"

"ரெண்டாயிரத்தஞ்சு."

கவுண்டருக்குப் பின்னால் நின்ற ஏசுதாசன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டாக்டர்கள் கெட்ட சேதி சொல்வதற்கு முன்னால் செய்கிற காரியம் அது.

"ரெண்டாயிரத்து நாலுன்னு சொல்லியிருந்தா கண்ணை மூடிக்கிட்டு ஓல்டு எஞ்சின் சாமானை எடுத்துக் குடுப்பேன். ஆறுன்னா நியூ எஞ்சின் சாமான். அஞ்சுலதான் கம்பெனிக்காரன் ரெண்டையும் கலந்து விட்டுட்டான். உங்களுது ஓல்டா, நியூவா?"

சௌகத் அலி திருதிருவென்று விழித்தார்.

விடியுமுன் பேக்கரிச் சரக்கை ஏற்றிக்கொண்டு, ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து மேடவாக்கம் வரை கடை கடையாகப் போடுகிறவர் அவர். எந்தக் கடையில் பன் பறக்கும், எந்தக் கடையில் ரஸ்க் தூங்கும் என்று எப்போது கேட்டாலும் சொல்வார். எஞ்சினைப் பற்றி மட்டும் கேட்கக் கூடாது. சொந்தக் குடலைப் பற்றி ஒரு மனிதன் எவ்வளவு யோசிப்பானோ, அவ்வளவுதான் அவர் தன் வண்டியின் எஞ்சினைப் பற்றி யோசித்திருந்தார். இன்று காலை அது தண்ணீரைக் கக்கி நிற்கும்வரை.

"வெளியில இருந்து பார்த்தா தெரியாதா?"

"ரெண்டுக்கும் மூஞ்சி ஒண்ணுதான், முதுகு ஒண்ணுதான், பெயின்ட்டும் ஒண்ணுதான். எஞ்சின் மேல சின்னதா ஒரு தகடு இருக்கும். அதைப் படிச்சாத்தான் தெரியும்."

"எஃப்.சி.க்குப் போறப்போ அந்தத் தகட்டு மேலயும் சில்வர் பெயின்ட் அடிச்சுட்டாங்களே."

"எல்லாரும் அதைத்தான் பண்றீங்க. சரி, சாம்பிள் கொண்டாந்தீங்களா?"

ஸ்பேர் பார்ட்ஸ் உலகத்தில் ஆர்.சி. புத்தகம் பொய் சொல்லலாம். மெக்கானிக் பொய் சொல்லலாம். கட்டிய மனைவியின் தம்பிகூடப் பொய் சொல்லலாம். சாம்பிள் பொய் சொல்லாது. வண்டியிலிருந்து கழற்றிய பழைய சாமானைக் கண்ணால் பார்க்காமல் ஏசுதாசன் ஒரு நட்டுகூடக் கொடுத்ததில்லை.

"இருக்கு" என்று சௌகத் அலி கையிலிருந்த பையைத் தூக்கிக் காட்டினார். அதற்குள் ஏசுதாசனின் போன் அடித்தது.

"கொஞ்சம் வெளிய உட்காருங்க பாய். கூப்பிடுறேன்."

வெளியே புஷ்பத்தின் டீக்கடை. தார்ப்பாய்க்குக் கீழே ஒரு ஸ்டவ், ஒரு நீள பெஞ்சு. அந்த பெஞ்சு ஏசுதாசன் கடை வாசலில் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டிருந்ததால், அவருக்கும் புஷ்பத்துக்கும் ஒரு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

சௌகத் அலி பையை பெஞ்சில் இறக்கிவிட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டார். செம்பாக்கம் ஏரிக்கரை ஷெட்டிலிருந்து தாம்பரம்வரை ஷேர் ஆட்டோ, ஸ்டேஷன் படிகளில் ஏறி இறங்கி மேற்குப் பக்கம், அங்கிருந்து பம்மலுக்கு பஸ். பைக்குள் இருந்த பழைய இரும்பு வாட்டர் பம்ப் ஒவ்வொரு படியிலும் ஒரு கிலோ கூடியிருந்தது.

பெஞ்சின் மறுமுனையில் இருந்தவர் அந்தப் பையைப் பார்த்துவிட்டு, முழங்காலைத் தடவியபடி சிரித்தார். நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் இரண்டு பேனா.

"ஸ்ரீநிவாசராகவன் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்திருந்தீங்களோ?"

"ஆமா சார், அவர் எங்க பக்கத்து வீடு" என்றார் சௌகத் அலி ஆச்சரியமாக.

"நானும் வந்திருந்தேன். பாத்திரமெல்லாம் நம்ம வாடகைக் கடையிலிருந்துதான். ராஜகோபாலன்."

இருவரும் அந்தக் கல்யாணத்து ரசத்தை நினைத்துச் சப்புக்கொட்டிக்கொண்டார்கள். பிறகு தத்தம் வண்டியின் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு நோயாளிகள் பேசுவதுபோல, இரண்டு பேரும் பேசினார்கள், ஒருத்தரும் கேட்கவில்லை.

சௌகத் அலியின் கஷ்டம் வண்டியோடு நிற்கவில்லை. அந்த வண்டியை அவருக்கு விற்றவன் மச்சான் அதீப். மனைவி அக்தர் பேகத்தின் ஒரே தம்பி. குரோம்பேட்டையில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறான். இரண்டாவது கிளை திறக்கப் போகிறான். கல்லாவில் உட்கார நம்பிக்கையான ஆள் தேவை. 'இந்த பன்னு வியாபாரம் எதுக்கு மச்சான்? ஏ.சி.யில வந்து உட்காருங்க' என்று மாதக்கணக்கில் நச்சரிக்கிறான். இன்று வண்டி படுத்ததும் அக்தர் பேகமும் கட்சி மாறிவிட்டாள்.

'வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குள்ள வண்டி ஓடணும். இல்லேன்னா வித்துட்டு என் தம்பி கடைக்குப் போயிடுங்க.'

இருபது வருடமாக யாருக்கும் கைகட்டாத மனிதர். மச்சானின் கடையில், மச்சானின் நாற்காலியில், மச்சான் போட்டோவுக்குக் கீழே உட்கார்ந்து 'வாங்க, பாத்ரூமுக்கா, கிச்சனுக்கா?' என்று கேட்பதை நினைத்தாலே அவருக்கு வாய் கசந்தது.

"பாய்! உள்ள வாங்க!"

சௌகத் அலி பையை எடுத்துக்கொண்டு ஓடினார். ஏசுதாசன் சாம்பிளை வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பாருங்க, பெல்ட்டு மாட்டுற இந்த மூக்கு எவ்வளவு நீளம்! ஓல்டு எஞ்சின் பம்புக்கு மூக்கு குட்டை. உங்களுது நியூ எஞ்சின். சந்தேகமே வேணாம். தீரனுக்கு இந்த பம்ப் லீக்கு ஜலதோஷம் மாதிரி, எல்லாத்துக்கும் வரும்."

நீள மூக்கு பம்ப் புத்தம் புதிதாகப் பைக்குள் இறங்கியது, பழையதும் கூடவே. சௌகத் அலி பஸ்ஸைப் பார்த்து ஓட, பின்னாலிருந்து புஷ்பத்தின் குரல் துரத்தியது.

"பாய்! யோவ் பாய்! ஒரு நிமிசம் நில்லு!"

"டீ வேணாம்மா!" என்றபடி அவர் படியில் தொற்றினார்.

*

மறுநாள் காலை செம்பாக்கம் ஷெட்டில், மெக்கானிக் ஜேசன் எஞ்சின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். முகத்தில் கிரீஸைவிடக் குழப்பம் அதிகம்.

"இன்னா பாய் வாங்கியாந்துக்கீற? மாட்டியாச்சு, ஆனா மூக்கு வெளிய நீட்டிகினு நிக்குது. பெல்ட்டு கோணலா ஓடுது. ரெண்டு சுத்து சுத்தினா கீழ வுழுது."

"சாம்பிளை வெச்சுத்தானே வாங்கினேன்?"

"இது ஓல்டு எஞ்சின் பாய். சத்தத்தை வெச்சே சொல்லுவேன். ஓல்டு 'டக டக'ன்னும். நியூ 'தட தட'ன்னும்."

"அப்போ நீ கழட்டிக் குடுத்த பம்ப்புக்கு எப்படி நீள மூக்கு?"

ஜேசன் பழைய பம்பைக் கையில் எடுத்தான். திருப்பினான். தலையைச் சொறிந்தான். அந்த ஷெட்டில் ஒரு நாளைக்கு எத்தனையோ பம்ப் கழற்றுகிறவன்.

"நான் கழட்டறப்போ குட்டையா இருந்த மாதிரி ஞாபகம்…"

"பை என் கையைவிட்டு இறங்கவே இல்ல, ஜேசன்!"

அடித்துச் சொன்னார் சௌகத் அலி. ஜேசன் அடங்கிப்போனான். சாம்பிளை எதிர்த்து எந்த மெக்கானிக்கும் ஜெயித்ததில்லை.

"அப்ப ஒண்ணுதான் பாய். உனக்கு முன்னாடி வெச்சிருந்தவன் ஏதோ தில்லாலங்கடி பண்ணிக்கீறான். நியூ வண்டியில ஓல்டு எஞ்சினைச் சொருகி, பம்ப்பை மட்டும் அப்படியே வுட்டு வெச்சிக்கீறான். எவன் அவன்?"

"என் மச்சான்" என்றார் சௌகத் அலி.

சொன்னபோதுதான் அதன் ருசி நாக்கில் பட்டது.

*

"ஓல்டு பம்பா?" ஏசுதாசன் உதட்டைப் பிதுக்கினார். "கம்பெனியில போடறதையே நிறுத்திட்டான் பாய். என்கிட்ட கடைசியா ஒண்ணு இருந்துச்சு. நேத்து நீங்க போனதும் ஒருத்தருக்குப் போயிடுச்சு."

"இப்போ நான் என்ன பண்றது?"

"பம்ப்புக்கு ஏத்த மாதிரி கீழ் புல்லியை நியூவா மாத்திக்குங்க. பெல்ட் நேராயிடும். உங்க அதிர்ஷ்டம், காலையிலதான் ஒரு வண்டியில கழட்டின நியூ புல்லி வந்துச்சு. உங்க ஓல்டு புல்லியைக் கழட்டிக் கொண்டாந்துடுங்க, எக்ஸ்சேஞ்ச் பண்ணிக்கலாம். அதுக்கும் ஒரு பார்ட்டி அலையறாரு."

தாம்பரம், படிகள், ஷேர் ஆட்டோ, ஷெட். புல்லியைக் கழற்றிக்கொண்டு மறுபடி ஷேர் ஆட்டோ, படிகள், பம்மல். மாலையில், அன்று மட்டும் மூன்றாம் முறையாக அந்தப் படிகளில் ஏறியபோது, பூ விற்கிறவள் அவரைப் பார்த்துச் சொந்தக்காரரைப் பார்ப்பதுபோல் சிரித்தாள்.

கடை வாசலில் ராஜகோபாலன் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். விபூதி வியர்வையில் கரைந்திருந்தது.

"இன்னும் முடியலையா சார்?"

"எங்க முடியறது!" என்றார் அவர். "ஒண்ணை மாத்தினா இன்னொண்ணு இடிக்கறது."

"எனக்கும் அதேதான்."

"பாய், இன்னிக்காவது ஒண்ணு சொல்றதக் கேட்டுட்டுப் போ" என்று புஷ்பம் ஆரம்பித்தாள்.

"வயிறு சரியில்லம்மா. டீ வேணாம்."

"ஐயா, நீங்களாச்சும்…"

"எனக்கு சுகரும்மா" என்றார் ராஜகோபாலன், கையைக் கூப்பாத குறையாக.

*

அன்று இரவு சாப்பாட்டு நேரத்தில், ராஜகீழ்ப்பாக்கம் வீட்டு டைனிங் டேபிளில் பிரியாணிச் சட்டி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பழைய வாட்டர் பம்ப் இருந்தது.

"அந்தக் கருமத்தைக் கீழ வைங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்றாள் அக்தர் பேகம், பிரியாணிச் சட்டியைக் கையில் பிடித்தபடி.

"இது கருமம் இல்ல. சாட்சி."

அதீப் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். அவசரமாக வரச் சொன்னதும், மச்சான் கடைக்கு வரச் சம்மதித்துவிட்டார் என்று நினைத்து இனிப்பு வாங்கிக்கொண்டு வந்திருந்தான்.

"இதோட மூக்கைப் பாரு" என்றார் சௌகத் அலி.

அதீப் பார்த்தான். "நல்லா இருக்கு மச்சான்."

"நல்லா இருக்கா? இது நியூ எஞ்சின் பம்ப். வண்டியில இருக்கிறது ஓல்டு எஞ்சின். என்கிட்ட வர்றதுக்கு முன்னாடி வண்டி யார்கிட்ட இருந்துச்சு?"

புரிய சற்று நேரம் ஆனது. புரிந்ததும் அதீப் எழுந்துவிட்டான்.

"மச்சான்! ஷோரூம்ல மாலை போட்டு எடுத்த வண்டி அது! போட்டோ இருக்கு!"

"கொண்டா பார்க்கலாம்."

போட்டோ வந்தது. போட்டோவில் அதீப் இருந்தான், மாலை இருந்தது, எலுமிச்சம்பழம்கூட இருந்தது. எஞ்சின் இல்லை.

"என் தம்பியைத் திருடன்னு சொல்றீங்களா?" அக்தர் பேகம் குரலை உயர்த்தினாள்.

"நான் சொல்லல. சாம்பிள் சொல்லுது."

அக்தர் பேகம் பிரியாணிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அன்று யாரும் சாப்பிடவில்லை. இனிப்புப் பெட்டி மட்டும் பம்பின் பக்கத்தில் பிரிக்கப்படாமல் கிடந்தது. வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே அதீப் சொன்னான்:

"வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் மச்சான் பேச்சு. ஞாபகம் இருக்கட்டும்."

*

புதன்கிழமை பெல்ட் நேராக ஓடியது. ஆனால் டைனமோ பிராக்கெட் இடித்தது.

நியூ பிராக்கெட் வாங்கினார்கள். அதை மாட்ட எஞ்சினின் முன்மூடியும் நியூவாக இருக்க வேண்டும் என்றான் ஜேசன். முன்மூடியை வாங்கினார்கள். அது ஓல்டு எஞ்சினில் முழுசாகப் பொருந்தாமல் ஆயிலைக் கசியவிட்டது. தண்ணீர் ஒழுகி வந்த வண்டி இப்போது தண்ணீரும் ஆயிலும் ஒழுக நின்றது.

ஒன்று மட்டும் விசித்திரம். எந்தச் சாமான் தேவைப்பட்டாலும் ஏசுதாசன் கடையில் அது சற்று முன்புதான் வந்திறங்கியிருந்தது.

"ஆண்டவர் ஒருத்தர் தேவையை இன்னொருத்தர் மூலமா சந்திக்கிறார் பாய்" என்றார் ஏசுதாசன், சௌகத் அலி கொண்டுவந்த ஓல்டு முன்மூடியைத் துணியால் துடைத்தபடி. "இதுக்கும் ஆள் ரெடி."

இதற்கிடையில் பன்கள் ஷேர் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தன. ஆட்டோக்காரன் பன் மூட்டையின் மேல் இரண்டு பயணிகளை உட்கார வைத்துவிட்டான். சேலையூர்க் கடைக்காரர் ஒரு பன்னைத் தூக்கிப் பார்த்து, "என்ன பாய், சப்பாத்தி வியாபாரமும் ஆரம்பிச்சுட்டீங்களா?" என்றார். சௌகத் அலிக்குச் சிரிக்கவும் தெம்பில்லை, கோபப்படவும் தெம்பில்லை. பன்னை வாங்கித் தட்டி உருண்டையாக்க முயன்றுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

வியாழக்கிழமை காலை ஜேசன் ஸ்பேனரைக் கீழே போட்டான்.

"பாய், என்னால முடியல. முன்பக்கம் நியூ, பின்பக்கம் ஓல்டு. ஆட்டுத் தலையை மாட்டு ஒடம்புல தெச்ச மாதிரி கீது. இனி ஒட்டுப் போட்டா நான் மெக்கானிக் இல்ல, தையக்காரன்."

சௌகத் அலி ஏரியைப் பார்த்தார். ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. ஏ.சி. ரூம், டைல்ஸ், கல்லாவுக்கு மேலே அதீபின் போட்டோ. அவர் தோள்கள் தொங்கிப் போயின.

அப்போதுதான் போன் அடித்தது. ஏசுதாசன்!

"பாய், நீங்க செஞ்ச புண்ணியம்! முழு நியூ எஞ்சின் ஒண்ணு வருது, நல்ல கண்டிஷன். அந்தப் பார்ட்டிக்கு முழு ஓல்டு எஞ்சின் வேணுமாம், ஒட்டுப் போட்டுப் போட்டு அலுத்துப்போயிட்டாராம். எஞ்சினுக்கு எஞ்சின் மாத்திக்குங்க. உங்ககிட்ட இருக்கிற நியூ சாமான் எல்லாம் அதுல அப்படியே உட்காரும்."

"ஆர்.சி.யில எஞ்சின் நம்பர் இடிக்குமே?"

"மனு போட்டா மாத்திக் குடுப்பாங்க. அது தனி அலைச்சல், அடுத்த வாரம் அலையலாம். இப்போ சரியா, இல்லையா?"

சௌகத் அலி கொக்கைப் பார்த்தார். கொக்கு காலை மாற்றிக்கொண்டது.

"சரி" என்றார்.

ஒரு மினி லாரியில் ஓல்டு எஞ்சின் போயிற்று. அதே மினி லாரியில் நியூ எஞ்சின் வந்தது. ஜேசன் அதைப் பொருத்தி, பெல்ட்டை மாட்டி, சாவியைத் திருப்பினான்.

தட தட தட தட.

"நியூ பாய்! சொன்னேன்ல, சத்தத்திலயே தெரியும்னு!" என்று கூவினான் ஜேசன். சௌகத் அலி முன் டயரில் சாய்ந்து உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

*

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து தெரு நிறையக் கூட்டம். அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெள்ளைத் தீரன் வந்து வீட்டு வாசலில் நின்றது. ஒரு சொட்டு ஒழுகவில்லை.

முடிவு கேட்க வந்திருந்த அதீப் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். வண்டியைச் சுற்றி வந்தான். பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தான். பிறகு, அக்காவும் பக்கத்து வீட்டு ஸ்ரீநிவாசராகவனும் பார்த்துக்கொண்டிருக்க, மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மன்னிச்சுடுங்க மச்சான். ராத்திரியெல்லாம் யோசிச்சேன். நான் வெச்சிருந்த டிரைவர் பயதான் எஞ்சினை மாத்தி வித்துத் தின்னிருக்கணும். எனக்குத் தெரியாமப் போச்சு. உங்க தலையில கட்டிட்டேன்."

"விடு அதீப்."

"இனிமே கடைக்கு வாங்கன்னு நான் வாயைத் திறக்க மாட்டேன். உங்க தொழிலை நீங்க பாருங்க."

அக்தர் பேகம் முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு, "உங்க அளவுக்குப் பொறுமை யாருக்குங்க வரும்?" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படியொரு வாக்கியத்தை அவர் கேட்டதில்லை. இன்னொரு முறை சொல்லச் சொல்லலாமா என்று யோசித்தார்.

பெருந்தன்மை பெருகிற்று.

"ஏறு வண்டியில. ஏசுதாசனைப் பார்த்து ஒரு பெட்டி ரஸ்க் குடுத்துட்டு வரலாம். அந்த மனுஷன் மட்டும் சாம்பிள் பார்க்கலேன்னா இந்த அக்கிரமம் கடைசிவரைக்கும் தெரிஞ்சிருக்காது."

அதீப் தலையைக் குனிந்துகொண்டே ஏறினான்.

பம்மலில் கடை திறந்திருந்தது. ஏசுதாசன் சாப்பிடப் போயிருந்தார். வாசலில் இன்னொரு வெள்ளைத் தீரன் நின்றது, உள்ளே பாத்திரங்கள் பளபளத்தன. பெஞ்சில் ராஜகோபாலன். இன்று விபூதி கலையாமல் இருந்தது.

"சார், உங்களுதும் தீரனா?"

"ஆமா பாய். உங்களுதுமா? இத்தனை நாள் பேசியிருக்கோம், கேட்டுக்கவே இல்ல பாருங்க."

இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். போரில் பிழைத்தவர்கள் போலத் தோளைத் தட்டிக்கொண்டார்கள். சௌகத் அலி முதன்முறையாக அந்த பெஞ்சில் கால் நீட்டி, நிதானமாக உட்கார்ந்தார்.

"புஷ்பம்! மூணு டீ. சாருக்குச் சக்கரை இல்லாம."

புஷ்பம் இடுப்பில் கை வைத்து அவரையே ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, ஸ்டவ்வைப் பற்ற வைத்தாள்.

"உங்களுது ஓல்டா, நியூவா சார்?" என்று கேட்டார் சௌகத் அலி, விஷயம் தெரிந்தவரின் தோரணையில்.

"இப்போ முழு ஓல்டு. நான் நியூன்னுதான் நினைச்சிண்டிருந்தேன். சாம்பிளைப் பார்த்தா குட்டை மூக்கு! எனக்கு வண்டியை வித்தவன் மேல கேஸ் போடலாம்னு வக்கீல்கிட்டகூடப் போயிட்டேன். உங்களுது?"

"முழு நியூ. ஓல்டா இருந்தது. எனக்கு வித்தவன் மன்னிப்பே கேட்டுட்டான்" என்று சௌகத் அலி அதீபின் முதுகில் ஆதரவாகத் தட்டினார். அதீப் தரையைப் பார்த்தான்.

"நான் அதிர்ஷ்டக்காரன் பாய். கேட்ட ஓல்டு சாமானெல்லாம் அப்பப்போ வந்திண்டே இருந்தது. யாரோ ஒரு பைத்தியக்காரன் ஒவ்வொண்ணா கழட்டிக் குடுத்திண்டே இருந்தானாம்."

"எனக்கும் அதேதான் சார். எனக்கும் ஒரு பைத்தியக்காரன் கிடைச்சான்."

இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். அதீப் சிரிக்கவில்லை. அவன் ஒரு வண்டியைப் பார்த்தான். மற்ற வண்டியைப் பார்த்தான். அவன் நெற்றியில் மெல்ல ஒரு சுருக்கம் விழுந்தது.

புஷ்பம் இரண்டு கிளாஸ்களை பெஞ்சில் வைத்தாள். மூன்றாவதை அதீபின் கையில் கொடுத்தாள்; கொடுத்த கையை எடுக்கவில்லை.

"நீயாச்சும் காது குடுத்துக் கேளு தம்பி: ஒரே கல்யாண வூட்டுத் தாம்பூலப் பையி, மொத நாளே இவுங்க ரெண்டு பேரும் இதே பெஞ்சுல மாத்தித் தூக்கிகினு பூட்டாங்க, அதச் சொல்லத்தான் நானும் தெனம் கூவிகினே கீறேன், இந்த பாய் 'டீ வேணாம்மா'ன்றாரு, அந்த ஐயா 'எனக்கு சுகரும்மா'ன்றாரு!"